தண்ணின்னா அவளுக்குப் பயம்

...இன்னும் கொஞ்சம் இடது பக்கம், அவ்வளவுதான், இல்லை, அதிகமாகிவிட்டது, கூம்புப் பாறையும் தட்டைப் பாறையும் ஒன்றையொன்று இடிக்காமல் நிற்க வேண்டும், நடுவில் ஓர் ஆள் நுழைகிற இடைவெளி விட்டால் போதும், சூரியன் அதில் வந்து உட்கார்ந்துகொள்ளும், உட்கார்ந்தால் புண்ணியம்... நாள் முழுக்க ஸ்டூடியோவில் மனிதர்களை உட்கார வைப்பதுதான் அவன் பிழைப்பு, தாடையை இறக்குங்க, தோளைத் தளர்த்துங்க, மூச்சைப் பிடிக்காதீங்க சார், இது பாஸ்போர்ட் போட்டோதான், எக்ஸ்ரே இல்ல என்று தினமும் அதே நகைச்சுவை, ஆள் சிரித்துவிட்டால் மறுபடியும் எடுக்க வேண்டும் என்று தெரிந்தும் அதே நகைச்சுவை. சூரியனிடம் அந்த வேலையெல்லாம் நடக்காது. காலண்டர் அடிக்கிற அச்சகத்துக்காரர் தெளிவாகச் சொல்லிவிட்டார், பாறை வேணும், அலை வேணும், நடுவுல சூரியன் வேணும், ஆளுங்க மட்டும் வேணாம், ஆளு வந்தா அது யாரு என்னன்னு பத்துப் பேர் கேப்பாங்க. கிளம்பியது என்னவோ பாலத்துக்குத்தான், நேற்று இரவு மனைவியிடமும் பாலம் என்றுதான் சொன்னான், அவன் எடுத்த விடியற்காலைப் படங்கள் எல்லாமே பாலத்தின் மேல் நின்று எடுத்தவைதான், அங்கே காலும் நனையாது, ஸ்டாண்டும் ஆடாது. போய்ப் பார்த்தால் பெயின்ட் அடிக்கிறோம் என்று தடுப்பு வைத்து அடைத்திருக்கிறார்கள். ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு வேண்டாவெறுப்பாக இந்தப் பாறைப் பக்கம் வந்தான். அந்தப் பக்கம் போயிடாதீங்க, பாசி பிடிச்சுக் கெடக்கு, வழுக்கும் என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்... பாசி பிடித்திருப்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க அப்போதும் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை, ஸ்டாண்டின் மூன்றாவது காலுக்கு இடம் தேடுவதிலேயே புத்தி முழுதும் போய்விட்டது.

வானம் சாம்பல் நிறத்தில் இருந்து மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தது, அடியில் ஒரு கோடு மட்டும் சிவப்பு. பெரிய லென்ஸை மாட்டினான், தூரத்துப் பாறை கைக்கு எட்டுகிற மாதிரி வந்து நின்றது, அதன் மேல் ஒட்டியிருந்த சிப்பிகளைக்கூட எண்ணலாம் போல. இனி காத்திருக்க வேண்டியதுதான். காத்திருக்கிற நேரம்தான் ஆபத்து, கைக்கு வேலை இல்லாவிட்டால் மனசு எங்கேயாவது போய் எதையாவது கிளறும்... நேற்று ராத்திரி அவள் மகளின் அறையில் உட்கார்ந்திருந்தாள். மகள் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது, அன்றிலிருந்து வீட்டில் சத்தமே இல்லை, மிக்ஸி ஓடினால்தான் உண்டு. மகள் விட்டுவிட்டுப் போன துணிகளை எல்லாம் மடித்துப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு, "இனிமே எனக்கு இந்த வீட்ல ஒரு வேலையும் இல்லைல்ல?" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் இருந்து, அடுத்தது நீங்க போங்க என்று சொல்கிற அதே குரல். அவன் என்ன சொன்னான்? "தூங்கு, காலைல பேசலாம்" என்றான். காலையில் எழுந்து கேமரா பையைத் தூக்கிக்கொண்டு பூனை மாதிரி வெளியே வந்துவிட்டான். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தான். நினைத்தானா, அல்லது அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்ததா... சரி, போய்ப் பேசிக்கொள்ளலாம், சூரியன் ஒன்றும் வாழ்நாள் முழுக்க எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

அப்போதுதான் ஃபிரேமுக்குள் ஓர் ஆள் வந்தது. அட, சனியனே, இந்த நேரத்துக்கு யாரது, சரியாக அந்த இடைவெளியில், ஊரில் இத்தனை கடல் இருக்க உனக்கு இந்த இடம்தானா கிடைத்தது... எரிச்சலோடு கண்ணை ஒட்ட வைத்துப் பார்த்தான். ஒரு பெண். முழுக்கைச் சட்டையும் பேன்ட்டும். தட்டைப் பாறையின் ஓரத்தில் செருப்பைக் கழற்றி, ஒன்றின் மேல் ஒன்றாக அழகாக வைத்தாள். எரிச்சல் கொஞ்சம் தணிந்தது, அவனுக்குள் இருந்த தொழில்காரன் எழுந்துகொண்டான், பரவாயில்லையே, ஆள் நின்றால்தானே பாறை எத்தனை பெரிசு என்று தெரியும், முகம் தெரியாமல் நிழலாக எடுத்தால் அச்சகத்துக்காரர் என்ன சொல்லிவிடப் போகிறார், நில்லும்மா, அப்படியே நில்லு, சூரியன் வருகிற வரைக்கும் அசையாதே... ஃபோகஸைத் திருப்பினான். சட்டை தெளிந்தது. சாம்பல் நிறச் சட்டை. பாக்கெட்டின் ஒரு பக்கம் தையல் விட்டுத் தொங்கியது. அந்தத் தையல் எப்படி விட்டது என்று அவனுக்குத் தெரியும், லென்ஸ் மூடியைத் திணித்துத் திணித்து அவனே விட்ட தையல், பழைய துணிக்காரனுக்குப் போட்டாச்சு என்று அவள் சொன்ன சட்டை. அப்புறம் அந்தப் பெண் மணிக்கட்டின் புறத்தால் நெற்றி மயிரைத் தள்ளிவிட்டாள், கை ஈரமாக இருக்கிறபோது பெண்கள் தள்ளுவது போல, ஆனால் எல்லாப் பெண்களும் தள்ளுவது போல இல்லை, முழங்கையைக் கொஞ்சம் அதிகமாகத் தூக்கி, தலையைச் சாய்த்து... பாத்திரம் கழுவும்போது சமையலறை ஜன்னல் ஓரத்தில் இத்தனை வருஷமாக அவன் முதுகுப் பக்கமிருந்து பார்த்த அதே தள்ளல்.

இல்லை, அவள் இல்லை, அவள் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள், அவளுக்குத் தண்ணீரென்றால் பயம், ஊருக்கே தெரியும் அவளுக்குத் தண்ணீரென்றால் பயம், அலை கணுக்காலைத் தொட்டாலே... அவள் இறங்கினாள். முழங்கால். இடுப்பு. படி இறங்குகிற மாதிரி நிதானமாக, யாரோ உள்ளே இருந்து கூப்பிட்டு இதோ வந்துவிட்டேன் என்று போகிற மாதிரி. இந்த வீட்ல ஒரு வேலையும் இல்லைல்ல... அடிப்பாவி. அதற்கா கேட்டாய்? அதற்கா கேட்டாய் நேற்று? தூங்கு என்றேனே, காலையில் பேசலாம் என்றேனே, காலை இதோ வந்துகொண்டிருக்கிறதே... மார்பு. கழுத்து. நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. கூப்பிட வேண்டும், என்னவென்று கூப்பிடுவது, இத்தனை வருஷத்தில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட நாள் உண்டா, இந்தா, இங்க பாரு, எங்க போயிட்ட, இவ்வளவுதானே, கடலைப் பார்த்து இந்தா என்று கத்தினால் யார் திரும்புவார்கள்... கால் பாறையோடு பாறையாக நின்றது. அந்த நேரம் பார்த்துச் சூரியன் எட்டிப் பார்த்தது, இடைவெளியின் நட்டநடுவில், நகம் அளவுக்கு ஒரு சிவப்பு, அதற்குக் கீழே அவள் தலை, ஒரு கறுப்புப் புள்ளி. புள்ளி முங்கியது. தண்ணீர் மூடிக்கொண்டது. ஒரு வட்டம்கூட எழவில்லை, எழுந்திருந்தால் அலை அழித்துவிட்டது. இதற்கு நடுவில் எங்கேயோ கட கட கட என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, பல்தான் அடித்துக்கொள்கிறது என்று நினைத்தான்.

எப்போது ஓட ஆரம்பித்தான் என்று தெரியாது. பாசி அவனைச் சும்மா விடவில்லை, முதல் தாவலிலேயே குப்புறத் தள்ளியது, முழங்காலுக்குக் கீழே சதை கிழிந்து சுரீரென்றது, ஒரு செருப்பு இடுக்கில் போய்விட்டது, எழுந்து ஓடினான், மறுபடி விழுந்தான், நாலு காலில் தவழ்ந்தான். ஐயோ, மகளிடம் என்ன சொல்வேன், போனில் சொல்வதா, நேரில் போய்ச் சொல்வதா, இது என்ன யோசனை, இந்த நேரத்தில் எந்தப் புத்தி இப்படி யோசிக்கும்... பாறைக்கு இந்தப் பக்கம் ஒருவர் தூண்டிலைப் போட்டுக்கொண்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், தலையில் குல்லா, மடியில் பிளாஸ்க், வயசு அறுபதுக்கு மேல் இருக்கும். அவரைப் பார்த்ததும்தான் தொண்டையில் இருந்து ஏதோ வந்தது, சொல் இல்லை, ஒரு மாதிரிக் கேவல். கையைக் கடலின் பக்கம் நீட்டினான். "முங்கி... முங்கிட்டா..."

தூண்டில்காரர் அவன் கை காட்டிய திசையைப் பார்த்தார், அவன் காலில் ஒழுகுகிற ரத்தத்தைப் பார்த்தார், பிறகு பிளாஸ்க்கை மூடினார். "யாரு, டீச்சரா? பதறாதீங்க. அவங்க தினம் வர்றவங்கதான். அதோ பாருங்க." பார்த்தான். எங்கே முங்கினாளோ அங்கே இல்லை, அதைத் தாண்டி, கூம்புப் பாறையையும் தாண்டி, நினைத்தே பார்க்க முடியாத தூரத்தில் அந்தக் கறுப்புத் தலை வெளியே வந்தது, ஒரு கை எழுந்தது, விழுந்தது, இன்னொரு கை எழுந்தது, அவசரமே இல்லாமல், தோசைக்கல்லைத் துடைக்கிற மாதிரி, வீட்டைப் பெருக்குகிற மாதிரி, எத்தனையோ முறை செய்து செய்து கைக்குத் தானாக வந்துவிட்ட வேலை மாதிரி. அவள் நீந்தினாள். உயிர் திரும்பி வந்தது, வந்த உயிர் உட்கார இடம் தெரியாமல் உள்ளேயே தடுமாறியது. "டீச்சரா?" என்றான். "நாங்க அப்படித்தான் கூப்பிடறது. அந்தக் கடைசித் தெருப் பொம்பளைங்க நாலஞ்சு பேருக்கு நீச்சல் கத்துக்குடுத்தாங்கல்ல. போன மாசம் ஒரு பொண்ணு செல்ஃபி எடுக்கறேன்னு வழுக்கி உள்ள போயிடுச்சு, இவங்கதான் பாய்ஞ்சு முடியப் பிடிச்சு இழுத்துட்டு வந்தாங்க. கை பூரா சிராய்ப்பு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்மான்னா, வேணாம், டூட்டிக்கு நேரமாச்சுன்னு போயிட்டாங்க." அந்தச் சிராய்ப்பு. அவன் பார்த்தான் அதை. என்ன இது கையில என்று கேட்டான், அதைக் கேட்டது நிஜம். கதவு இடிச்சிடுச்சு என்றாள். பாத்து நடக்கக் கூடாதா என்றான்... பாத்து நடக்கக் கூடாதா.

"நீங்க யாரு, இந்தப் பக்கம் பாத்ததில்லையே?" என்று கேட்டார் அவர். வாய் தானாகச் சொன்னது, "போட்டோகிராபர்." வீட்டுக்காரர் என்று சொல்லியிருக்கலாம். இரண்டில் எது முதலில் நாக்குக்கு வந்ததோ அது வந்துவிட்டது. "அவங்க... வீட்ல யாரும் கூட வர்றதில்லையா?" என்று கேட்டான், திருடன் தன் வீட்டைப் பற்றியே விசாரிக்கிற மாதிரி. தூண்டில்காரர் தூண்டில் நரம்பை லேசாகச் சுண்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார், "நானும் கேட்டேன் ஒரு நாள். அவங்க வீட்டுக்காரருக்குத் தண்ணின்னா ரொம்பப் பயமாம். பாவம், நல்ல மனுஷன், தெரிஞ்சா கெடந்து தவிச்சுப் போவார், அதான் சொல்லலைன்னாங்க. ரொம்ப நல்லவங்க. விட்டுக்குடுத்தே பேச மாட்டாங்க."

ஓங்கி அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். யாருக்குப் பயம்? எனக்கா? எனக்கா பயம்? சிரிப்பு வந்தது, அல்லது சிரிப்பு மாதிரி ஒன்று, பாறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கல்யாணமான புதிதில் சொந்தக்காரர்கள் எல்லாம் வண்டி பிடித்து அருவிக்குப் போனார்கள், எல்லோரும் இறங்கினார்கள், அவன் அம்மா அவளிடம், இந்தாம்மா, செருப்பையெல்லாம் பாத்துக்கோ, குரங்கு தூக்கிட்டுப் போயிடும் என்றாள், அவள் அத்தனை ஜோடிச் செருப்பையும் சுற்றி அடுக்கிக்கொண்டு நடுவில் உட்கார்ந்தாள், செருப்புக் கடை வைத்த மாதிரி, எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், அவன் அதைப் படம் எடுத்தான். வா, நீயும் இறங்கு என்று யாரோ சித்தியோ அத்தையோ கூப்பிட்டபோது... யார் சொன்னது அதை? அவள் சொல்லவில்லை. அவன்தான் சொன்னான். "விடுங்க, தண்ணின்னா அவளுக்குப் பயம்." ஏன் சொன்னான், எதை வைத்துச் சொன்னான், அவளிடம் கேட்டானா, எதுவும் ஞாபகம் இல்லை. அவள் ஒரு தரம் அவனை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு செருப்புகளைப் பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஏரிக்குப் போனார்கள், படகில் போனார்கள், மகள் பிறந்து அவளைக் கடலுக்குக் கூட்டிப் போனார்கள், போன இடத்தில் எல்லாம் அதே வாக்கியம், சொல்லச் சொல்ல அது உண்மையாகிவிட்டது, மகள்கூடச் சின்ன வயசில் அம்மா பயந்தாங்கொள்ளி என்று கை கொட்டிப் பாடுவாள். அவன் இறங்கினானா? அருவியில்? ஏரியில்? கடலில்? நீங்களும் வாங்கப்பா என்று மகள் சட்டையைப் பிடித்து இழுக்கும்போது, கேமரா நனைஞ்சிடும்டா... எப்போதும் கேமரா நனைஞ்சிடும். வீட்டில் இருக்கிற ஆல்பம் எதிலும் தண்ணீரில் நிற்கிற அவன் கிடையாது, படம் எடுத்தவன் படத்தில் இருக்க மாட்டான் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். அவள் மட்டும் விடவில்லை போலிருக்கிறது. அவள் மட்டும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

எப்போது கற்றுக்கொண்டாள்? கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரியுமா? மாமனார் ஒரு தரம், என் பொண்ணு மீன்குஞ்சு மாப்பிள்ளை என்றார், ஏதோ செல்லப் பேர் என்று தலையாட்டி வைத்தான். தினமும் வருகிறாளாமே, தினமும் என்றால் அவன் குறட்டை விட்டுத் தூங்குகிற தினமும், அவன் எழுந்து வரும்போது தலையில் துண்டு கட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்பாள், காலங்காத்தாலயே தலைக்குக் குளிச்சாச்சா என்பான், வேர்த்துக் கொட்டுது என்பாள். குளிர்காலத்திலும் அதே பதில். குளிர்காலத்தில் யாருக்கு வேர்க்கும் என்று ஒரு மனுஷன் யோசிக்க மாட்டானா... பொய் சொல்லியிருக்கிறாள் என்று கோபப்பட முயன்று பார்த்தான், கோபம் பிடிகொடுக்கவில்லை. நேற்று ராத்திரி கேட்டாளே, ஒரு வேலையும் இல்லைல்ல என்று, அது சாகப் போகிறவள் கேட்ட கேள்வியா, இல்லை, வேலை முடிந்து வெளியே கிளம்புகிறவள் கேட்ட கேள்வியா? கிளம்புகிறவள் என்றால் எங்கே? இன்று காலையில் பேசலாம் என்றேனே, பேசியிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பாளா? கை நடுக்கம் நிற்கவே இல்லை, பிளாஸ்க் மூடியில் தூண்டில்காரர் ஊற்றிக் கொடுத்த டீ பாதி சட்டையில் சிந்தியது.

அவள் திரும்பி வந்துகொண்டிருந்தாள். இப்போது சூரியன் முழுசாக மேலே வந்துவிட்டது, கண் கூசியது, அவள் கை எழும்போதெல்லாம் அதில் இருந்து வெளிச்சம் சொட்டியது. தட்டைப் பாறையில் கை ஊன்றி ஒரே உந்தில் ஏறினாள், பெட்டியைப் பரணில் ஏற்ற அவனைக் கூப்பிடுகிறவளின் அதே கைகள். தலையைச் சாய்த்து ஒரு காதுத் தண்ணீரைத் தட்டினாள், முகத்தில் ஒரு மலர்ச்சி இருந்தது, ஸ்டூடியோ விளக்கின் கீழே எத்தனை பேரைச் சிரிக்க வைத்தும் அவன் ஒரு தரமும் பிடிக்க முடியாத ஒன்று. நிமிர்ந்தவள் அவனைப் பார்த்தாள். மலர்ச்சி போகும் என்று நினைத்தான். போகவில்லை, அப்படியே நின்றது, வாசலில் வந்து நிற்கிற விருந்தாளியை உள்ளே விடுவதா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி. தூண்டில்காரர், "டீச்சர், இந்த போட்டோகிராபர் சார் உங்களைப் பாத்துப் பயந்துட்டாரு, காலெல்லாம் ரத்தம்" என்றார். "போட்டோகிராபரா?" என்றாள் அவள், அவனைப் பார்த்துக்கொண்டே. "ஆமா, தெரிஞ்சவர்தான்."

பக்கத்தில் வந்து குனிந்து அவன் காலைப் பார்த்தாள், சட்டைக் கையைப் பிழிந்து அந்த உப்புத் தண்ணீரைக் காயத்தின் மேல் விட்டாள், அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். "எரியும். பொறுத்துக்கோங்க. பாலத்துக்குன்னுதானே சொன்னீங்க?" "அடைச்சிருக்காங்க. பெயின்ட் அடிக்கறாங்க." இதுவா பேச வேண்டியது, இத்தனைக்கும் பிறகு பெயின்டைப் பற்றியா... "எப்பப் பாத்தீங்க என்னைய?" "நீ இறங்கறப்பவே." அவள் தலையை ஆட்டினாள். பிறகு சத்தம் இல்லாமல், கோபம் இல்லாமல், கிளினிக்கில் யாரிடமோ விவரம் கேட்கிற மாதிரி கேட்டாள், "சாகப் போறேன்னு நெனச்சிட்டீங்களா?" அவன் தலையை ஆட்டினான், கண்ணில் தண்ணீர் முட்டியது. அவள் கை அவன் முழங்காலில் அப்படியே நின்றது. "அப்ப ஏன் கூப்பிடலை?"

"கூப்பிட்டேன்" என்றான், யோசிக்காமல், உடனே. "கத்திக் கூப்பிட்டேன். அலைச் சத்தத்துல கேட்டிருக்காது." தூண்டில்காரர் தன் நரம்பைப் பார்த்துக்கொண்டார். அவள் எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, ஸ்டாண்ட் நிற்கிற பாறைப் பக்கம் முன்னால் நடந்தாள், வழுக்குகிற இடம் வந்தபோது திரும்பி நின்று கையை நீட்டினாள், அவன் பிடித்துக்கொண்டான். கேமரா அவன் விட்ட இடத்திலேயே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவள் அதைத் தொடவில்லை, நீங்களே பாருங்க என்பது போல நகர்ந்துகொண்டாள். பொத்தானை அழுத்தினான், படங்கள் வந்தன. இடுப்பளவு. மார்பளவு. கழுத்து. சூரியனும் தலையும். தலை இல்லாத தண்ணீர். மறுபடியும் தலை இல்லாத தண்ணீர், மறுபடியும், மறுபடியும், ஒன்றுகூட ஆடவில்லை, ஒன்றுகூட ஃபோகஸ் தப்பவில்லை... கட கட கட என்று கேட்ட அந்தச் சத்தம் பல் இல்லை, அவன் விரல் அழுத்திய ஷட்டர். கை நடுங்கியது என்றல்லவா நினைத்தான், கால்தான் நகரவில்லை, நாக்குதான் எழவில்லை என்றல்லவா நினைத்தான். அவள் தோளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், முடியில் இருந்து ஒரு சொட்டு திரையின் மேல் விழுந்தது, அவன் அவசரமாகச் சட்டை நுனியால் துடைத்தான், துடைத்த கையைத் தானே பார்த்தான். "நல்லா வந்திருக்கு" என்றாள் அவள். கூப்பிட்டேனே, வாயைத் திறந்தேனே, ஏதோ ஒரு சத்தமாவது வந்திருக்குமே என்று அவன் அந்த ஒரு நிமிஷத்தைத் திரும்பத் திரும்பத் துழாவிக்கொண்டிருந்தான், அதற்குள் தன் குரலைத் தவிர மற்ற எல்லாம் இருந்தது.